சீரியஸான பிள்ளை

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மாமார், ஒப்பந்தம் முடியுமுன்னே ஊருக்கு வரவேண்டுமானால் அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. வீட்டில் யாராவது சீரியஸாக வேண்டும். காய்ச்சல், தலையிடி, வயிற்றுவலி எல்லாம் செல்லாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்காவுக்கு டெங்கு வந்து பதுளை ஆஸ்பத்திரியில் போட்டபோது, அவளுடைய அம்மா குவைத்திலிருந்து நான்காம் நாளே வந்து இறங்கிவிட்டாள். பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் இரண்டு நாளாக இதையே பேசினார்கள்.

“மக சீரியஸ்னு சொன்னதுனாலதான்டி வுட்டாங்க. இல்லாட்டி அந்த வீட்டுக்காரி வுடுவாளா?”

எனக்கு அப்போது எட்டு வயது. என் அம்மாவும் குவைத்தில்தான் இருந்தாள், போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நிரம்பி வழிந்த குடத்தை எடுக்காமல் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற நான் அங்கேயே ஒரு முடிவுக்கு வந்தேன். நானும் சீரியஸாகிவிட வேண்டும்.

முதலில் இருமிப் பார்த்தேன். என்னை வைத்துப் பார்த்துக்கொண்ட சின்னம்மா, அம்மாவின் தங்கை, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். பிறகு நொண்டினேன். நொண்டுவதில் ஒரு சிக்கல் இருந்தது, எந்தக் கால் என்று மறந்துபோகும். சித்தப்பா இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்.

“நேத்து எடது காலு, இன்னைக்கு வலது காலு. நாளைக்கு எந்தக் காலுன்னு இப்பவே காட்டிரு பாப்பா, தைலத்த சூடு பண்ணி வைக்கணும்ல.”

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த டாக்டர் ஐயா, எல்லாருக்கும் கொடுக்கிற பனடோல் மாத்திரையையே எனக்கும் பாதியாக உடைத்துக் கொடுத்தார். சீரியஸ் என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. நான் பாடுபட்டு நடித்த எதுவும் எடுபடவில்லை. நான் நடிக்காமல் செய்தவைதான் வீட்டில் எல்லாரையும் கலங்கவைத்திருந்தன என்பது எனக்குத் தெரியாது.

அவற்றைச் சொல்கிறேன். சின்னம்மா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் யாரோடும் பேசவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா தொலைபேசியில் எடுத்தால் ‘ஹலோ’கூடச் சொல்லமாட்டேன். கதவு பட்டென்று சாத்தினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன், இழுத்தாலும் வரமாட்டேன். சாப்பிடும் ரொட்டியில் பாதியைப் பாயின் கீழே ஒளித்து வைப்பேன், அது பூஞ்சணம் பிடித்து எறும்பு மொய்க்கும்போதுதான் சின்னம்மாவுக்குத் தெரியவரும். பள்ளிக்கூடத்தில் என் பின்னால் வந்து யாராவது தொட்டால் கடிப்பேன். இவற்றில் ஒன்றையும் நான் நோய் என்று நினைக்கவில்லை. சில பேருக்குச் சுருட்டை முடி இருப்பதுபோல எனக்கு இது இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பிறந்தது நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா குடிப்பார், அடிப்பார். இதைச் சொல்வதற்கு இரண்டு சொல் போதுமாக இருக்கிறது. ஆனால் நான் நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அதற்குள்ளேதான் இருந்தேன். லயத்து வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே, இன்றைக்கு அம்மாவுக்கா எனக்கா என்று சொல்லிவிடுவேன். எனக்கு ஆறு வயதானபோது அம்மா வெளிநாட்டுக்குப் போனாள். அதன்பிறகு செருப்புச் சத்தம் எனக்கு மட்டும் என்றானது. ஒரு வருஷம் அப்படிப் போனது. அக்கம்பக்கத்து ஆட்கள் பொறுக்கமாட்டாமல் ஆள் அனுப்பி, சின்னம்மாவும் சித்தப்பாவும் வந்து என்னைத் தெமோதரையில் தங்கள் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அவர் கொழும்பிலிருந்து வந்துவிட்டார் என்றுதான் என் உடம்பு நினைத்தது.

சின்னம்மா செய்யாததில்லை. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினாள். அது அவிழ்ந்ததும் இன்னொன்று கட்டினாள். மிளகாய் சுற்றிப்போட்டாள். கடைசியில் பள்ளிக்கூடத்து டீச்சர்தான், இதற்கென்றே பதுளையில் பிள்ளைகளுக்கு ஒரு கிளினிக் இருக்கிறது, புதன்கிழமைகளில் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். புதன்கிழமை கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் சின்னம்மாவுக்கு அன்றைய பேர் விழாது, அன்றைய சம்பளமும் போய்விடும். கங்காணி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். இருந்தும் அவள் வாராவாரம் வெள்ளனவே எழும்பி என்னைக் குளிக்கவைத்து, தலைவாரி, பஸ் ஏற்றினாள்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றால் நான் சீரியஸாகிவிட்டேன் என்றுதானே அர்த்தம்! ஹாலிஎல தாண்டும்வரை, அம்மா நான்காம் நாள் வருவாளா ஐந்தாம் நாள் வருவாளா என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

கிளினிக் என்றால் ஊசியும் மருந்து வாசனையுமாக இருக்கும் என்று பார்த்தால், அது பாய் விரித்த ஒரு சின்ன அறை. ஒரு பெரிய பேசினில் மணல். ஒரு பெட்டி நிறையப் பொம்மை மிருகங்கள், அவற்றில் பாதிக்குக் கால் இல்லை. பலகையில் செய்த மாடிவீடு ஒன்று, உள்ளே விரல் நீளத்துக்கு மனிதப் பொம்மைகள். அங்கே இருந்தவரை நான் மிஸ் என்றே கூப்பிட்டேன். பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். முக்காட்டை அடிக்கடி சரிசெய்துகொள்வார், எப்போதும் தடுமன் பிடித்த குரல்.

“வாங்க மகள். இங்க நீங்க கட்டாயம் செய்யணும்னு ஒண்ணும் இல்ல. பேசணும்னும் இல்ல. எங்க உக்காரப் பிடிக்குதோ அங்க உக்காருங்க.”

என்னை யாரும் அதுவரை ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை. பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சின்னம்மாதான் நின்றாள், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

சொன்னபடியே மிஸ் என்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. நான் மூலையில் போய்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், கதவு தெரியும் இடமாகப் பார்த்து. மிஸ் எழுந்து கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம் கால் இல்லாத மாட்டுக்குப் பசை வைத்துக் கால் ஒட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும், “அடுத்த புதன் நான் இங்கதான் இருப்பேன்” என்றார். இரண்டாம் வாரமும் இதேதான். மருந்தும் தராமல் மாட்டுக்குக் கால் ஒட்டும் இந்த டாக்டரை நம்பி நான் எப்போது சீரியஸாவது என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

நான்காம் வாரமோ ஐந்தாம் வாரமோ அந்த மாடிவீட்டின் அருகே போனேன். பொம்மைகளை எடுத்துக் கீழே ஓர் அறையில் வரிசையாகப் படுக்கவைத்தேன். அப்பா, அம்மா, பிள்ளைகள், தாத்தா எல்லாரும் ஒரே அறையில். மற்ற ஐந்து அறைகளும் சும்மா கிடந்தன. மிஸ் அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக இருக்கப் பயப்படுகிற பிள்ளை என்று நினைத்திருப்பார். மெதுவாகக் கேட்டார்.

“இவ்வளவு ரூம் காலியா இருக்கே மகள். இவங்க எல்லாரும் ஏன் ஒரே ரூமுல நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்காங்க? பயமா?”

எனக்கு ஆச்சரியம். படித்தவருக்கு இதுகூடவா தெரியாது? என்னையும் மீறி வாய் திறந்துவிட்டது.

“அதெல்லாம் அடுத்த வீட்டுக்காரங்க காம்பரா.”

ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. ஒரு கூரையின் கீழே ஆறு காம்பரா என்றால் அது ஆறு வீடு. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு மாடிவீடும் நிமிர்த்தி வைத்த லயம்தான். மிஸ் ஒரு நொடி விழித்தார், பிறகு தன் தலையில் தானே குட்டிக்கொண்டு சிரித்தார். “அப்ப அவங்களக் கேக்காம நாம உள்ள போகக் கூடாது, சரிதானே?” என்றார். நான் தலையாட்டினேன். மாதக்கணக்கில் நான் பேசிய முதல் பேச்சு அது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னம்மாவுக்கு அது கேட்டுவிட்டது, அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. முதலில் மிஸ்ஸிடம், அப்புறம் சின்னம்மாவின் சின்ன மகளிடம், அப்புறம் கோழிகளிடம். ரொட்டியை ஒளித்து வைக்க மிஸ் எனக்கு ஒரு மூடி போட்ட டின் தந்தார். ஒளிக்க வேண்டாம் என்று சொல்லாமல் டின் தந்ததுதான் எனக்குப் பிடித்தது. சின்னம்மாவும் அந்த டின்னைத் தொடாமல் இருந்தாள். இரண்டு மாதம் போன பிறகு ஒருநாள் மிஸ் வாசலில் நின்று சின்னம்மாவிடம் சொன்னார்.

“நல்லா வர்றாங்க. பயம் அவங்களுக்குப் பழகிப்போச்சு, பயமில்லாம இருக்கிறது இனிமேதான் பழகணும். ஆனா நல்லா வர்றாங்க.”

நல்லா வருகிறேனா? அப்படியானால் என் அம்மா எப்படி வருவாள்? பேச்சும் விளையாட்டுமாக இருந்து நானே என் காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன். அடுத்த புதன்கிழமை போய்ப் பழைய மூலையில் உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டேன். அதற்கடுத்த புதனும் அப்படியே. மிஸ் துருவித் துருவிக் கேட்கவில்லை. மூன்றாவது புதன், சிவப்புப் பிளாஸ்டிக் தொலைபேசி ஒன்றை எடுத்து எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார்.

“இதுல யாருக்கு வேணும்னாலும் பேசலாம். நான் அந்தப் பக்கம் திரும்பிக் காத மூடிக்கிறேன்.”

சொன்னபடி திரும்பி உட்கார்ந்து இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார். காதை மூடினால் ஒன்றும் கேட்காது என்று நம்புகிற வயது எனக்கு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் போனேன்.

“அம்மா, நான் இன்னும் சீரியஸாத்தான் இருக்கேன். நல்லா வர்றேன்னு சொன்னாங்கன்னா நம்பாத. இன்னும் ரொம்ப சீரியஸாயிருவேன். நீ வாம்மா.”

மிஸ் உடனே திரும்பவில்லை. திரும்பியபோது அவர் மூக்கு சிவந்திருந்தது, தடுமன் என்று நினைத்தேன்.

“மகள், என் காது சரியா மூடல. நீங்க பேசினது கேட்டுருச்சு. கேட்டுட்டுக் கேக்காத மாதிரி இருந்தா அது களவு, அதான் சொல்றேன்.” பிறகு கொஞ்சம் கிட்டே வந்து உட்கார்ந்தார். “உங்களுக்கு நல்லாப் போனாலும் அம்மா வருவாங்க, நல்லாப் போகாட்டியும் வருவாங்க. எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் தெரியும்னு சொல்லமாட்டேன்.”

எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடக் கொடுமையான பதில் கிடையாது. இத்தனை மாதம் பாடுபட்டுச் சீரியஸாக இருந்ததெல்லாம் வீண் என்றல்லவா சொல்கிறார்! மணல் பேசினைக் கவிழ்த்தேன். மாடிவீட்டை உதைத்தேன். மிஸ் என் பக்கம் கையை நீட்டியபோது அந்தக் கையைப் பிடித்துக் கடித்தேன், இரத்தம் வரும்வரை. சின்னம்மா ஓடிவந்து என்னை அடிக்கக் கை ஓங்க, மிஸ் மறு கையால் அவளைத் தடுத்தார்.

“கோவம் வந்துருச்சு. வரத்தானே செய்யும்? அடுத்த புதன் நான் இங்கதான் இருப்பேன்.”

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடித்தால் அதற்குப் பதில் ஒன்று வரும், அது வந்தே தீரும், எனக்குத் தெரிந்த உலகம் அப்படித்தான். போனால் அறை பூட்டியிருக்கும் என்று நினைத்தேன். பூட்டியிருக்கவில்லை. கையில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மிஸ் பாயில் உட்கார்ந்திருந்தார், முன்னால் மாடிவீடு, அதன் உடைந்த படிக்கட்டு, பசை. “வாங்க மகள், ஒருத்தர் பிடிச்சாத்தான் ஒட்டலாம்” என்றார். நான் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் நான் சத்தம்போட்டு அழுதேன்.

அதிலிருந்து இரண்டு மாதத்தில் சின்னம்மா ஒருநாள் மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்தாள். “ஏ பாப்பா, அம்மா வர்றாடி! ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சாம். மூணு கிழம லீவாம்!”

மூணு கிழமை என்றால் இருபத்தொரு நாள். ஒப்பந்தம் முடிந்து வருகிறாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது என் காதில் ஏறவேயில்லை. நான் சீரியஸாக இருந்ததால் வருகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மிஸ்ஸுக்கு இதெல்லாம் விளங்காது, அவருக்குத்தான் அடுத்த வீட்டுக் காம்பராவே தெரியாதே. இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. வந்தவளைப் போகவிடக் கூடாது. பிள்ளைக்கு நல்லாப் போய்விட்டது என்று பார்த்தால் அம்மா மூட்டையைக் கட்டிவிடுவாள். ஆகவே அவள் முன்னால் நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அம்மா வந்தாள். வாகனத்திலிருந்து இறங்கியவள் மெலிந்திருந்தாள், அவள்மேல் ஏதோ வெளிநாட்டுச் சோப்பு மணத்தது. அவள் கைவிரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து தூக்கப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் அவள்மேல் போய் ஒட்டிக்கொண்டது. வாயை மட்டும் இறுக்கிக்கொண்டேன்.

“இப்ப நல்லாப் பேசுறாளே அக்கா. காலையிலகூட கோழியோட சண்ட புடிச்சாளே. ஏய், அம்மாகிட்டப் பேசுடி” என்று சின்னம்மா திகைத்தாள். சித்தப்பா கூச்சம் தெளிந்தால் பேசுவாள் என்றார். இரண்டு நாள் போனது, ஒரு வாரம் போனது. அம்மா இல்லாத இடத்தில் பேசுவேன். அவள் தலை தெரிந்தால் நிறுத்திவிடுவேன். என் திறமையில் எனக்கே பெருமையாக இருந்தது.

இத்தனைக்கும் அந்த நாட்களைப்போல நான் அவளுக்கு ஏங்கிய நாட்கள் கிடையாது. பக்கத்தில் இருப்பவளுக்கு ஏங்குவது தூரத்தில் இருப்பவளுக்கு ஏங்குவதைவிடக் கஷ்டம். காலையில் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்காரவைத்து எனக்குத் தலைவாருவாள். சிக்கெடுக்கும்போது வலிக்கும், ‘மெதுவாம்மா’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். அம்மாவும் மாறித்தான் வந்திருந்தாள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று எழுந்து நிற்பாள். எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்காரமாட்டாள். “இது ஒன் தங்கச்சி வூடு அக்கா, உக்காந்து சாப்புடு” என்று சின்னம்மா அதட்டினால் பயந்தவள்போலச் சிரிப்பாள்.

முதல் புதன்கிழமை மிஸ்ஸிடம் என் திட்டத்தைச் சொன்னேன். “நான் பேசினா அம்மா போயிரும். பேசாட்டி இருக்கும்.”

மிஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். “நீங்க இங்க சொல்றத உங்களக் கேக்காம வெளியில சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேன். அது மாறாது. ஆனா மகள், இத நீங்களே அம்மாகிட்ட சொன்னா நல்லதுன்னு எனக்குப் படுது.”

“மாட்டேன்.”

“சரி. அடுத்த புதன் அம்மாவையும் உள்ள கூப்பிடலாமா? நாம மூணு பேரும் இருப்போம்.”

அதற்குச் சம்மதித்தேன். அடுத்த புதன் அம்மா அறை வாசலிலேயே நின்றாள். மிஸ் இரண்டு தரம் சொன்ன பிறகுதான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மாடிவீட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கேட்காமலே ஒரு பெண் பொம்மையை எடுத்து, படிக்கட்டுக்குக் கீழே இருந்த இடுக்கில் வைத்தாள். “நான் இங்கதாங்க படுக்கிறது. சாமான் போடுற எடம்” என்றாள். மேலே அவள் வேலைசெய்த குவைத் வீட்டு மேடம், அதற்கு மேலே மேடத்தின் பிள்ளைகள். ஒவ்வொருவரையும் அவரவர் அறையில் வைத்தாள். அந்தப் பிள்ளைகளில் சின்னதைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் குழைந்தது. எனக்கு அந்தப் பொம்மையைத் தூக்கி வெளியே எறிய வேண்டும் போலிருந்தது.

கடைசியில் ஒரே ஒரு சின்னப் பொம்மை மிஞ்சியது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அந்த வீட்டில் அதற்கு இடமில்லை. பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

“நீயே சொல்லு பாப்பா. ஒன்ன எங்க வைக்கட்டும்? நீ சொல்ற எடத்துல வைக்கிறேன்.”

பொம்மையை வாங்கிக்கொண்டேன். அம்மா காத்திருந்தாள். மிஸ்ஸும் காத்திருந்தார், “அவசரமில்ல” என்று மட்டும் சொன்னார். இன்னும் எட்டு நாள்தான், பொறுத்துக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணி அடித்தது. அம்மா மெல்லத் தலையாட்டி, “சரிடா” என்றாள்.

“இவங்க பேசாம இருக்கிறது உங்க மேல உள்ள கோவத்துல இல்ல” என்றார் மிஸ். “அத மட்டும் என்னால உறுதியாச் சொல்ல முடியும்.”

“சரிங்க மிஸ்” என்றாள் அம்மா. மேடம் எதைச் சொன்னாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

இருபத்தோராம் நாள் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். பையைக் கீழே வைத்துவிட்டு அம்மா என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

“ஒரு வார்த்த சொல்லேன்டி. என்னத்தயாச்சும். வையவாச்சும் செய்யி.”

நான் உதட்டை உள்ளே மடித்துப் பற்களால் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிவிடுவாள் என்று மனசார நம்பினேன். பஸ் வந்தது. அம்மா என் நெற்றியில் முகத்தை வைத்து எடுத்தாள், ஏறினாள், ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. சின்னம்மாவின் சேலையைப் பிடித்து உலுக்கினேன்.

“அம்மா ஏன் போச்சு? நான்தான் பேசவே இல்லயே!”

சின்னம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேசாமல் விட்டதற்காகப் பிள்ளை வருந்துகிறது என்று நினைத்து, “அழுவாத, அடுத்த தடவ பேசுவ” என்று என்னைத் தூக்கிக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் நடப்பது லேசில்லை, வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

புதன்கிழமைகள் அதன்பிறகும் இரண்டு வருஷம் தொடர்ந்தன. அதில் எத்தனையோ புதன்கிழமைகள் அந்த ஒரு பஸ்ஸைப் பற்றியே போயின. மிஸ் அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டிருக்கிறேன், கோபமாகவே. ஆனால் அவர் சொல்லியிருந்தால் அதன்பிறகு நான் யாரிடமும் எதையும் சொல்லியிருக்கமாட்டேன். இன்று எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன், அவர்களில் சிலருக்கு அம்மா தொலைபேசிக்குள் இருக்கிறாள். பேசாத பிள்ளையிடம் பேசு பேசு என்று நான் கேட்பதில்லை.

எனக்குப் பத்து வயதாகும்போது அம்மா ஒரேயடியாக வந்துவிட்டாள். ஆரம்பத்தில் இரண்டு விருந்தாளிகள்போல ஒருவருக்கொருவர் இடம்விட்டு நடந்தோம். அப்புறம் பழகிக்கொண்டோம். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன், அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெண் மறுபடி வெளிநாட்டுக்குப் போகிறாள் என்று பேச்சு வந்தது.

“நான் அந்தத் தடவ போறதாவே வரல” என்றாள் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அவங்க திரும்பி வர டிக்கட் போட்டுக் குடுத்தாங்க. இருந்தாலும், வந்து பாப்போம், புள்ள இருன்னு ஒரு வார்த்த சொன்னா அத்தோட நின்னுரலாம்னுதான் வந்தேன். நீ எல்லார்கிட்டயும் பேசுன. கோழிகிட்டக்கூடப் பேசுன. எங்கிட்ட மட்டும் பேசல. சரி, அந்த மனுசன்கிட்ட வுட்டுட்டுப் போனவதானே நான், புள்ளைக்கு நான் வேணாம் போல, தங்கச்சிகிட்டயே நல்லா இருக்கட்டும்னு போயிட்டேன்.”

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, அன்றைய என் திட்டத்தை அம்மாவிடம் சொன்னேன். நான் சொல்லி முடித்தபோது அம்மா கீரைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த இருபத்தொரு நாளும் நான் அவளிடம் இரு, இரு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது போய்விடு என்று கேட்டிருக்கிறது. எட்டு வயதில் எனக்கு அது எப்படித் தெரியும்?